மூன்று அடைப்பு

2024 ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். விடிவதற்கு முன் பிடித்த மழை அதுவரை விடவில்லை. மாட்டுங்காவிலிருந்து வந்த டாக்ஸியின் ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாததால் என் இடது தோள் முழுவதும் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கூடத்தில் வரிசைக்கு ஆறு நாற்காலி, ஏழு வரிசை. நாற்பத்திரண்டில் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். மீதி நாற்பத்தொன்றிலும் பெண்கள். ஆண்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கணவர்கள், பிள்ளைகள், தம்பிகள்; கையில் ஃபைலோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி கீழே பணம் கட்டும் வரிசையில் இருந்தாள்.

காக்கி உடுப்புப் போட்ட ஓர் ஆள் வந்து, நாற்காலி பேஷண்டுகளுக்கு மட்டும், கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னான். கேட்காதவன்போல் இருந்தேன். மறுபடியும் சொன்னான். உங்கள் பேஷண்ட் எங்கே என்று கேட்டான். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

பக்கத்து நாற்காலிப் பெண் என் கையிலிருந்த தமிழ்ப் பேப்பரைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த முகம், மடியில் கறுப்பு ரெக்ஸின் பை.

"இருங்க அண்ணாச்சி. வீட்டம்மா வந்த பொறவு எந்திரிச்சாப் போதும். அவுகளுக்கு எந்தப் பக்கம்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத்தான். இடது பக்கம்."

அதை நான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காக்கி ஆளைக் கூப்பிட்டு, இவர்தான் பேஷண்ட், உட்கார விடு என்று ஹிந்தியில் அதட்டினாள். அவன் என்னையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

"லேடீஸ் டப்பாவுல ஏறிட்டீய. ஓடுத வண்டியிலேர்ந்து குதிக்கவா முடியும்? பேசாம உக்காருங்க," என்றாள்.

ஐம்பது வருஷம் இந்த ஊர் லோக்கல் வண்டியில் போனவனுக்கு அதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவசரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டு, அடுத்த ஸ்டேஷன் வரும்வரை கதவோரம் தலையைக் குனிந்து நிற்கும் ஆண்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உட்கார்ந்தேன்.

விஷயம் தெரிய வந்தது மே மாதக் கடைசியில். குளிக்கும்போது பூணூலை விலக்கிச் சோப்புப் போட்டேன். இடது காம்பின் அருகில் நூல் லேசாகச் சிக்கியது. தொட்டுப் பார்த்தால் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்காத ஒன்றை வியாதி என்று எண்ணி எனக்குப் பழக்கம் இல்லை. கொசு, வேர்க்குரு, புது பனியனின் துணி என்று வாரத்துக்கு ஒன்றின்மேல் பழி போட்டு மூன்று வாரம் ஓட்டினேன். நான்காவது வாரம் மனைவி துவைக்கப் போட்ட பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, இது என்ன கறை?"

"ரசம் சிந்தியிருக்கும்."

"ரசம் உள்பக்கமா சிந்துமோ?"

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். அவர் படம் எடுக்க அனுப்பினார். பெண்களுக்காகச் செய்த இயந்திரம் அது. பிடித்து அழுத்த என்னிடம் அதற்குக் கிடைத்தது கொஞ்சம்தான். படம் எடுக்கும் பெண் நான்கு தடவை முயன்றாள், நான்கு தடவையும் "சாரி அங்கிள்" என்றாள். பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவில் வியாதியின் பெயர் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆணுக்கு மார்பு, பெண்ணுக்கு மார்பகம் என்றுதான் நாம் எழுதுகிறோம். பத்திரிகைகளில் இந்த வியாதிக்கு இரண்டாவது சொல்லைத்தான் போடுவார்கள். எழுபத்தொரு வயதில் அந்தச் சொல் எனக்கு வந்து சேர்ந்தது. டாக்ஸியிலேயே அதை விழுங்கிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இடது பக்கத்தைக் காம்போடு எடுத்து, அக்குளிலிருந்தும் சில நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். கீமோ தேவையில்லை, பதினைந்து தடவை ரேடியேஷன், அப்புறம் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு என்றார் டாக்டர். ஐந்து வருஷம் என்று அவர் சொன்னதும் என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு நாள் நான் இருப்பேன் என்று ஒரு படித்தவர் சொல்கிறாரே என்ற சிரிப்பு அது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று அந்த ரெக்ஸின் பைப் பெண் வார்டுக்கு வந்தாள். எனக்கு ஒரு மாதம் முன்பே அவளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. தாராவியில் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை. லைனிங் துணியின் மிச்சத்தில் பஞ்சு அடைத்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தலையணை தைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இதைக் கக்கத்துல இடுக்கிக்கிடுங்க அண்ணாச்சி. ரோட்டுல வண்டி குலுக்குத குலுக்குல கை ஒரசிச்சுன்னா உசிரு போயிரும்," என்றாள். என் மனைவியிடம் திரும்பி, "கையை மேல தூக்கச் சொல்லுங்க மதினி. வலிக்குன்னு சும்மா இருந்தாகன்னா தோள் ஒறைஞ்சு போவும்," என்றாள். அந்த நிமிஷம் முதல் அவர்கள் இருவரும் ஒரு கட்சி.

புண்ணின் நீர் வடியும் குழாயும் பாட்டிலும் இடுப்பில் தொங்க நான் வீட்டுக்கு வந்த மறுநாள் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். "ஆமாம், ஆபரேஷன் ஆச்சு. மார்புல," என்றாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. நானே சொல்லாத வார்த்தையை அவள் எப்படிச் சொல்லுவாள்? மறுமுனையில் என் திலக் நகர் நண்பர். ஆறு வருஷம் முன் பைபாஸ் ஆனவர். மார்பில் ஆபரேஷன் என்றால் அவருக்கு உலகத்திலேயே ஒன்றுதான். மனைவி போனை என் காதில் வைத்தாள்.

"ஏன் ஓய், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? எத்தனை அடைப்பு?"

"மூணு," என்றேன்.

"எனக்கு நாலு. நீர் ஜூனியர்தான்."

அவர் குரலில் அத்தனை சந்தோஷம். ஏன் மூன்று என்று பின்னால் பல நாள் யோசித்தேன். இரண்டு என்றால், அதற்குப் போய் மார்பைத் திறப்பார்களா என்று கேட்பார். நான்கு என்றால் அவரோடு போட்டி. மூன்றில் நின்றால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இவரையும் மற்ற இருவரையும் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு பேரும் முப்பத்தோரு வருஷம் ஒரே வண்டியில் ஆபீஸ் போனவர்கள். எட்டு ஐம்பத்திரண்டு ஸ்லோ, பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ஒருவர் டோம்பிவிலிக்காரர். அங்கேயே ஏறி, ஜன்னலோரம் எதிரெதிர் பெஞ்சில் கைக்குட்டை, டிபன் டப்பா, குடை என்று மூன்று இடத்துக்கு மூன்று பொருள் போட்டு வைப்பார். மாட்டுங்கா வருவதற்குள் அவர் வாங்கும் திட்டு மராத்தியில் பாதி, குஜராத்தியில் பாதி. அவ்வளவு கூட்டத்தில் எப்படிக் காப்பாற்றினார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. மாட்டுங்காவில் நானும், என் மாடி வீட்டுக்காரரும், அப்போது அடுத்த தெருவில் இருந்த இந்தத் திலக் நகர்க்காரரும் ஏறுவோம். எட்டு முழங்கால்களின்மேல் ஒரு ப்ரீஃப்கேஸ், அதன்மேல் பேப்பர், அதன்மேல் சீட்டு. ரம்மி. புள்ளிக்குப் பத்து பைசா. கணக்கு எழுதுவது நான்.

கடைசி ஸ்டேஷன் வி.டி. போய்ச் சேர இருபத்திரண்டு நிமிஷம். மழையில் வண்டி சின்ச்போக்லியில் நின்றுவிட்டால் பெட்டி முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துப் புலம்பும். எங்களுக்கு மட்டும் இரண்டு ஆட்டம் கூடுதல். தண்டவாளம் நனைந்த வாசனை, யாரோ ஒருத்தர் டப்பாவிலிருந்து வரும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை, டோம்பிவிலிக்காரர் சீட்டுக் கலைக்கும்போது கூடவே அவர் வாயிலிருந்து வரும் பழைய பாட்டின் முணுமுணுப்பு. இதையெல்லாம் சந்தோஷம் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. லேட்டாகிறது என்றுதான் நானும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ரிடையர் ஆனபின் ஆட்டம் ஞாயிறு நான்கு மணிக்கு என் வீட்டுக்கு மாறியது. என் மகள் பெங்களூரில். கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாரத்தில் வாய்விட்டுப் பேச எனக்கு இருப்பது இந்த மூன்று பேர். இந்த மூன்று பேரின் வாயும் எனக்குத் தெரியும். எங்கள் பெட்டியில் ஒருவர் ஒருநாள் அவசரத்தில் மனைவியின் பூப்போட்ட குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று முதல் அவருக்குப் பெயர் 'மாமி'. பதினோரு வருஷம், அவர் ரிடையர் ஆன நாளில் மாலை போட்டபோதும் மாமிதான். பிறகு அவர் எங்கள் பக்கமே வந்ததில்லை. ஒரு குடைக்கு அந்தக் கதி. இதைச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று எண்ணித்தான் மூன்று அடைப்பை மூன்றாகவே வைத்துக்கொண்டேன்.

பொய் சொன்னவனை அவர்கள் கவனித்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். திலக் நகர்க்காரர் காலை ஆறரைக்கே பஸ் பிடித்து வந்து என்னை ஃபைவ் கார்டன்ஸுக்கு நடக்க அழைத்துப் போவார். முதல் வாரம் ஒரு தோட்டத்தோடு சரி. நவம்பரில் ஐந்தும். நடக்க நடக்க, இந்த மரத்தடியில் யார் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார், எந்த வீட்டு வாசலில் யார் யாருக்காகக் காத்திருந்து மழையில் நனைந்தார் என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் கதைகளில் பாதி எனக்கும் நடந்தவை. எங்கள் வீட்டில் தேங்காயை நிறுத்தியவர் அவர். என் மனைவி பாலக்காட்டுக்காரி; தேங்காய் இல்லாமல் அவியல் செய்யச் சொன்னதற்கு அவரை அவள் இன்றுவரை முழுமையாக மன்னிக்கவில்லை. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த தழும்பைக் காட்டி, உமக்கு எந்தக் கால் என்று கேட்டார். கையிலிருந்து எடுத்தார்கள் என்றேன். அப்படியும் உண்டு என்று அவரே தலையாட்டிக்கொண்டார்.

செப்டம்பரில் ரேடியேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம். நண்பர்களிடம் இதயத்துக்கு உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் தாராவிப் பெண்ணும் இருப்பாள். அவளுக்கும் அதே வாரங்களில், எனக்கு அடுத்த எண். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவருவாள். மூடியில் எனக்கு, டம்ளரில் என் மனைவிக்கு, ஃபிளாஸ்க்கிலேயே அவளுக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். புருஷன் மாஹிமில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன். முதல் வாரமே அவள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதை முழுவதையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். மூன்று அடைப்பைக் கேட்டதும் தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் பொய்யை ரெண்டோட நிறுத்தியிருக்கக் கூடாதா? பாவம், அந்த மனுசன் தெனம் பஸ் புடிச்சி வாராரே."

அந்தப் பதினைந்து நாளும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வருகிறது. எரிந்தது உண்மை, தோல் கறுத்து உரிந்தது உண்மை. ஆனால் அந்த பெஞ்சில் நான் எதையும் மூடிக்கொண்டு உட்காரவில்லை. மத்தியானத்தில் வீடு வெறிச்சென்று இருக்கும்போது சுக்குக் காபி நினைவு வந்துவிடுகிறது. மனைவி போட்டுத் தருகிறாள். அது வேறு காபி.

ஜனவரியில் மாத்திரை தன் வேலையைக் காட்டியது. ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கும் வேளையில், தோட்டத்து பெஞ்சில் எனக்குக் கழுத்திலிருந்து தலைவரை குப்பென்று சூடு ஏறி, சட்டை நனைந்தது. திலக் நகர்க்காரர் பயந்துபோய் என் நாடியைப் பிடித்துக்கொண்டு டாக்ஸிக்குக் கை நீட்டிவிட்டார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவரை வீட்டுக்கு இழுத்து வருவதற்குள் நிஜமாகவே இதயம் நின்றுவிடும்போல் இருந்தது. அவர் போனபின் மனைவி ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அம்பது வயசுல இப்படித்தான் வரும். நான் ஃபேனைப் போட்டா நீங்க குளிர்றதுன்னு அணைப்பேள்," என்றாள். சொல்லிவிட்டு ஃபேனை அப்படியே விட்டாள்.

எங்கள் பேட்டையில் ஒரு கோயிலில் கேரள வழக்கம். ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம். சனிக்கிழமை தவறாமல் நான்கு குடும்பமும் அங்கே சந்திப்போம். திலக் நகர்க்காரர் நடுமார்பில் இருக்கும் நீளத் தழும்பை ஏதோ பதக்கம் வாங்கினவர்போல நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் போவார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை. கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்லி, செருப்பு வைக்கும் இடத்தருகில் மனைவியின் பையோடு நின்றுகொள்வேன். சட்டையைக் கழற்றினால் என் கணக்கு அங்கேயே தப்பாகிவிடும். அவருடைய தழும்பு மேலிருந்து கீழே. என்னுடையது குறுக்கே, காம்பு இருந்த இடத்தின்மேல்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் வெளியே நின்றுவிட்டார். ஜலதோஷம் என்றார். அடுத்த சனிக்கிழமையும் ஜலதோஷம். மூன்றாவது சனிக்கிழமை நல்ல வெயில். சட்டைக்குள் தடித்த பனியன் போட்டிருந்தார். கோயிலிலிருந்து ஓடிவந்த ஒரு குழந்தை அவர்மேல் மோதியது. அவர் முகம் சுருங்கி, வலது கை சட்டென்று இடது மார்பை மூடிக்கொண்டது. இதயக்காரர்கள் நடுவில் கை வைப்பார்கள். அந்தக் கை போன இடம் எனக்குத் தெரிந்த இடம்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. கேட்க வேண்டும். கேட்டால், உமக்கு எப்படித் தெரியும் என்பார். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் அவரே போய்விடலாம். இதில் எது பெரியது என்று பார்க்கக் கணக்கு எதுவும் தேவையில்லை. இருந்தும் நான் ஆறு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் தாராவிப் பெண் வழக்கம்போல மனைவிக்குப் போன் செய்தபோது, மனைவி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க வாயைத் தொறக்கலைன்னா அவரும் கொசு கடிச்சிட்டுன்னு சொல்லிக்கிட்டே திரிவாரு அண்ணாச்சி. ஒங்களுக்காவது மதினி பனியனைப் பாத்தாக," என்றாள்.

நான்காவது சனிக்கிழமை. மனைவிமார்கள் உள்ளே போனதும், அவரைக் கோயில் சந்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் மாட்டுங்கா முழுவதும் இப்படித்தான் இருக்கும். மரப் படி, இரும்புக் கம்பி, எந்த நேரமும் யார் வீட்டிலாவது குழம்பு கொதிக்கும் வாசனை. மூன்றாவது படியில் அவரை உட்காரவைத்தேன்.

"எனக்கு பைபாஸ் ஆகலை ஓய்," என்று சொல்லிவிட்டு நான்கு பட்டனைக் கழற்றினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் அந்த வார்த்தையைத் தமிழிலேயே சொன்னேன். மேல் மாடியில் யாரோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ மூணு அடைப்பு?"

"ஒரு அடைப்பும் இல்லை."

"எட்டு மாசமா பஸ் பிடிச்சு வந்தேனே ஓய்."

சட்டையை மூடிக்கொண்டு, அவருக்கு எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றார். இடது காம்பின் அடியில் வீங்கி, தொட்டால் வலிக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. இந்த வயசில் பொம்மனாட்டி மாதிரி இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது என்று கேட்டார். என்னிடம் காட்டும் என்றேன். காட்டவில்லை. ஆனால் திங்கட்கிழமை டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

டாக்ஸியில் போகும்போதும் வரும்போதும் அவர் என்னிடம் பேசவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார், ஊசியால் சதை எடுக்கச் சொன்னார். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் காலை நடை இல்லை. நான் தனியாக ஃபைவ் கார்டன்ஸ் போய், இரண்டாவது தோட்டத்திலேயே திரும்பிவிடுவேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. மாடி வீட்டுக்காரர், உடம்பு அசதி என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பினார். என்னுடையது வந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் இந்தப் பயத்தில் கால் பங்குகூட இல்லை. அவருக்கு ஏதாவது என்றால், இத்தனை நாள் என் பக்கத்திலேயே நடந்தவரை நான் பார்க்காமல் விட்டேன் என்று ஆகும்.

செய்தி என் மனைவிக்கு அவர் மனைவியிடமிருந்து வந்தது. புற்று இல்லை. கால் வீக்கத்துக்காக இதய டாக்டர் போன வருஷக் கடைசியில் சேர்த்த ஒரு மாத்திரை. சில ஆண்களுக்கு அது மார்பை வீங்க வைக்குமாம். மாத்திரையை மாற்றிவிட்டார்கள், வடிந்துவிடும் என்கிறார்கள். மனைவி இதைச் சொல்லி முடித்ததும் நான் பால்கனிக்குப் போய்க் காயப்போட்டிருந்த துணியை எல்லாம் மடித்து வைத்தேன். அதில் பாதி ஈரம்.

அவர் போன் செய்யவில்லை. ஞாயிறு மூன்றே முக்காலுக்கு மடக்கு மேஜையை விரித்தேன். நாற்காலி நான்கு போட்டால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவருமோ என்று ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன், மறுபடி கொண்டுவந்தேன். நான்கு பத்துக்குப் படியில் செருப்புச் சத்தம். மூவரும் சேர்ந்து வந்தார்கள். திலக் நகர்க்காரர் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டார் என்று அவர்கள் என் சட்டையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். டோம்பிவிலிக்காரர் சீட்டை எடுத்துக் கலைத்தார், முணுமுணுப்பு இல்லை. 'மாமி' மாதிரி ஒரு பெயர் எனக்கு எப்போது விழும் என்று காத்திருந்தேன்.

மாடி வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமல் மற்ற இருவரிடமும், "இதுக்கு ரூல் என்ன?" என்று கேட்டார்.

"ராங் ஷோ," என்றார் டோம்பிவிலிக்காரர்.

ரம்மியில் கையில் சீட்டு சேராமலே சேர்ந்துவிட்டது என்று இறக்கிக் காட்டினால் அதற்கு ராங் ஷோ என்று பெயர். எதிராளி எத்தனை புள்ளியில் இருந்தாலும், காட்டியவனுக்கு முழு எண்பது. வண்டியில் ஆடிய நாளிலிருந்து அதற்கு மன்னிப்பே கிடையாது.

"ஒண்ணு இல்லை," என்றார் திலக் நகர்க்காரர். "மூணு அடைப்புன்னு சொன்னார். அடைப்புக்கு ஒண்ணு."

"ஆபரேஷன் நிஜந்தானே. அதுக்குக் கழிக்க வேண்டாமா?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார்.

"அது வேற ஆட்டம். அதுல அவர் ஜெயிச்சாச்சு," என்றார் திலக் நகர்க்காரர். பிறகு, டாக்டரிடம் போய் வந்த நாளுக்குப் பின் முதல்முறையாக, என்னைப் பார்த்தார். "எழுதும் ஓய். கணக்கு எழுதறவர் நீர்தானே. நாளைக்கு ஆறரைக்கு ரெடியா இரும்."

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி, டாக்ஸி, மாத்திரை எல்லாம் தனிக் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்ஷூரன்ஸில் திரும்பி வந்தது, மிச்சத்தை மகள் கொடுத்தாள். இதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பத்து பைசா நாணயத்தைக் கண்ணால் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது, எங்கள் ரேட்டு மட்டும் மாறவில்லை. எண்பது புள்ளி, மூன்று தடவை. என் பெயருக்கு நேரே நானே எழுதி, உள்ளே போய்ச் சில்லறை தேடிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்: இருபத்து நான்கு ரூபாய்.